வரிசையில் மூப்பு இல்லை

இரவு முழுவதும் ஓடும் ரயிலின் படுக்கைப் பெட்டியில் கழிப்பறையை எங்கே அமைப்பது என்னும் கேள்வி, பெட்டியை வடிவமைக்கும் பொறியாளருக்கும் கட்டணத்தை வகுக்கும் அதிகாரிக்கும் மட்டுமே உரியதாகப் பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. ஒவ்வோர் அறையோடும் தனிக் கழிப்பறையை இணைப்பது ஒரு முறை. பெட்டியின் இரு முனைகளிலும் சில கழிப்பறைகளை அமைத்து, அதில் பயணம் செய்யும் அனைவருக்கும் பொதுவாக விடுவது மற்றொரு முறை. வெளிப்பார்வைக்கு இது இடம், எடை, செலவு ஆகியவற்றைப் பற்றிய கணக்காகவே தோன்றும். ஆயினும், உடலின் ஒத்திப்போட முடியாத தேவையும், அத்தேவையைச் சூழ்ந்த நாணமும், அழுக்கைப் பற்றிச் சமயங்கள் வகுத்த விதிகளும், அவ்விதிகளைக் காரணம் காட்டிச் சிலர்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட தொழிலும் அந்தச் சிற்றறைக்குள் ஒன்றுகூடுவதால், அக்கணக்கின் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. ஒருவர் தம் உடலின் அழுக்கைத் துறக்கும்போது பிறருக்கு எதைக் கடன்படுகிறார் என்பதே அக்கேள்வி.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் இரவு வண்டிகள் யாவும் திருவள்ளூர் மாவட்டத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால், இக்கேள்வியை அம்மாவட்டத்திலிருந்து எழுப்புவது பொருத்தமாகும். வடக்கே பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூரை நோக்கிச் செல்லும் பாதையில் ஹவுரா மெயில், கோரமண்டல், கிராண்ட் டிரங்க், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் முதலியன ஓடுகின்றன. மேற்கே ஆவடி, திருவள்ளூர், திருவாலங்காடு வழியாக அரக்கோணத்தை நோக்கிச் செல்லும் பாதையில் நீலகிரி, சேரன், பெங்களூர் மெயில், மங்களூர் மெயில் முதலியன ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் உழைக்கும் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதும் வருவதும் இவ்வடபாதையில்தான். முதல் வகுப்புக் குளிர்சாதன அறையில் உறங்குபவரும், முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலில் குந்தியிருப்பவரும் ஒரே வண்டியில் ஒரே இரவைக் கழிக்கும் இடம் இது.

வரலாறு இங்கே எதிர்பாராத திசையில் நடந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து முதல் வகுப்புப் பெட்டிகளில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும் நடைவழி கிடையாது. ஒவ்வோர் அறையும் நேரே நடைமேடைக்குத் திறந்தது. ஆகவே ஒவ்வோர் அறைக்கும் கழிப்பறை இணைக்கப்பட்டிருந்தது. பணியாட்களுக்கெனப் பக்கத்தில் ஒரு சிற்றறையும் இருந்தது. கீழ் வகுப்புகளில் பயணம் செய்தவர்களுக்கோ நெடுங்காலம் கழிப்பறையே இல்லை. வண்டி நிற்கும் நிலையங்களில் இறங்கி ஓடி, அது கிளம்புவதற்குள் திரும்பி வரவேண்டும். 1909-ஆம் ஆண்டு ஒகில் சந்திர சென் என்பவர் வங்காளத்தின் அகமத்பூர் நிலையத்தில் அவ்வாறு இறங்கி, வண்டி கிளம்பியதைக் கண்டு ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, நடைமேடையில் பலர் முன்னிலையில் விழுந்ததைச் சாகிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்துக்கு எழுதிய முறையீடு, புதுதில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. கீழ் வகுப்புகளில் கழிப்பறை பரவியதற்கு அக்கடிதமே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் ஆங்கிலப் பிழைகளைச் சுட்டி அதை நகைச்சுவையாகப் படிக்கும் வழக்கம் வருந்தத்தக்கது. உடலின் தேவைக்காகப் பலர் முன் அவமானப்பட்ட ஒரு மனிதர், அவமானம் தம்முடையதன்று, அந்நிலைக்குத் தம்மை ஆளாக்கிய நிர்வாகத்தினுடையது என்று உறுதியாக எழுதிய ஆவணம் அது.

விடுதலைக்குப் பின், 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பெரம்பூரில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்றவற்றில் உருவான நடைவழிப் பெட்டிகள் இந்த ஏற்பாட்டை மாற்றின. 72 படுக்கைகள் கொண்ட பழைய வகைச் சாதாரணப் படுக்கைப் பெட்டிக்கு நான்கு கழிப்பறைகள். அதாவது பதினெண்மருக்கு ஒன்று. முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் நால்வர் அறைகளும், ‘கூபே’ எனப்படும் இருவர் அறைகளும் இருந்தாலும், அவற்றில் பயணம் செய்பவர்களும் நடைவழியின் முனைக்கு நடந்தே செல்ல வேண்டும். 16 பெட்டிகளில் 823 படுக்கைகளோடு அண்மையில் வடிவமைக்கப்பட்ட வந்தே பாரத் படுக்கை வண்டியிலும் இதுவே முறை. தனிக் கழிப்பறை, மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ், கோல்டன் சாரியட் போன்ற ஆடம்பரச் சுற்றுலா வண்டிகளிலும், ‘சலூன்’ எனப்படும் தனிப் பெட்டிகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. சிலருக்குத் தனியாகவும் பலருக்கு இல்லாமலும் இருந்த ஒன்று அனைவருக்கும் பொதுவாகியிருக்கிறது என்பதே இந்திய ரயிலின் கதை. வாழ்க்கையின் பிற துறைகளில் வசதி உள்ளவர்கள் பொதுவிலிருந்து விலகிச் செல்லும் இக்காலத்தில், இந்த ஒன்றில் மட்டும் செல்வரும் வரிசையில் நிற்கிறார் என்பது எளிதாகக் கடந்து போகக்கூடியதன்று.

தனிமையை விரும்புவோர் தரப்பை இங்கே நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். முதியவர்கள், நீரிழிவு நோயர், கருவுற்ற பெண்கள், மாதவிலக்கு நாளில் பயணம் செய்பவர்கள் ஆகியோருக்கு நள்ளிரவில் அசையும் வண்டியில், உறங்குபவர்களின் கால்களுக்கு ஊடே, பெட்டியின் கடைசிவரை நடப்பது சிறு தொல்லையன்று. வாசலருகே அந்நிய ஆடவர் கூட்டமாக நிற்கும்போது அவ்வழியே செல்ல அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 19-ஆம் பிரிவில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, மறைப்போடு கூடிய கழிப்பறைகள் இருக்கவேண்டும் என்று விதித்தது. ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அத்தகைய விதியின் காவலில் பகலைக் கழித்த பெண் தொழிலாளி, அன்றிரவு ஏறும் ரயிலில் அத்தகைய பிரிவு எதையும் காண்பதில்லை. இக்குறைகள் மெய்யானவை. ஆயின் அவை கோருவது அருகாமையையும் பாதுகாப்பையும் மறைவையுமேயன்றி, ஒருவருக்கே உரிய கழிப்பறையை அன்று.

மறைவு வேறு, உடைமை வேறு. இவ்வேறுபாட்டை அமெரிக்க நெடுந்தொலைவு வண்டிகளின் பட்டறிவு தெளிவாக்குகிறது. ஆம்ட்ராக் நிறுவனம் 1990-களில் இயக்கத் தொடங்கிய வியூலைனர் படுக்கைப் பெட்டிகளில், இருவர் தங்கும் மிகச் சிறிய அறைக்குள்ளேயே, இருக்கையை ஒட்டிக் கழிப்பறைக் கோப்பை பொருத்தப்பட்டிருந்தது. தனிச் சுவர் கிடையாது. வேற்றார் கண்ணிலிருந்து அது முழுப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் உடன் வந்தவர் ஒன்று அதே அறையில் இருக்கவேண்டும், அல்லது வெளியேறி நடைவழியில் நிற்கவேண்டும். பின்னர் வந்த இரண்டாம் தலைமுறை வியூலைனர் பெட்டிகளில், அச்சிற்றறைகளிலிருந்து கழிப்பறை நீக்கப்பட்டு, பொதுக் கழிப்பறைகள் அமைக்கப்பட்டன. இதற்கு மாறாக, இலண்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே ஓடும் கலிடோனியன் ஸ்லீப்பர் 2019-இல் புதிய பெட்டிகளை அறிமுகம் செய்தபோது, உயர்கட்டண அறைகளில் தனிக் கழிப்பறையை இணைத்தது. செல்வ நாடுகளிலும் இதற்கு ஒரே விடை இல்லை.

யாரிடமிருந்து மறைவு வேண்டும் என்று கேட்டால், தமிழ்க் குடும்ப வழக்கம் தரும் விடை கவனத்துக்குரியது. மாமனாரும் மருமகளும், மைத்துனரும் அவர் அண்ணன் மனைவியும் ஒரே நால்வர் அறையில் பயணம் செய்யும்போது, மெல்லிய தடுப்புக்கு அப்பால் கேட்கும் ஒலியும் பரவும் நாற்றமும் அந்நியர் முன்னிலையில் உண்டாக்கும் கூச்சத்தைவிடப் பெரிய கூச்சத்தை உண்டாக்கும். மரியாதை மிகுந்த உறவுகளில்தான் உடலை மறைக்கும் கடமையும் மிகுதி. பெட்டியின் முனையில் உள்ள பொதுக் கழிப்பறைக்குச் செல்பவர், தம்மைத் தெரிந்தவர்களிடமிருந்து விலகி, தம்மைத் தெரியாதவர்களிடையே சென்று மறைகிறார். விடிந்தபின் அவர்களை அவர் மீண்டும் பார்க்கப்போவதில்லை. பொதுமை இங்கே மறைவுக்குப் பகையாக இல்லாமல் அதற்குத் துணையாகவே நிற்கிறது.

பழந்தமிழ் ஒழுக்க நூல்களின் பார்வையும் இதற்கு ஒத்துவருகிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில், பெருவாயின் முள்ளியார், எங்கெங்கே கழிவை விலக்கலாகாது என்று பட்டியலிடுகிறார். புல்வெளி, விளைநிலம், வழி, நீர்த்துறை, கோயில், நிழல், மாடுகள் தங்குமிடம் ஆகியன அதில் வருகின்றன. பகலில் எத்திசை, இரவில் எத்திசை நோக்கலாகாது என்ற விதியும் உண்டு. திசை விதி சடங்கு சார்ந்ததாக இருக்கலாம். இட விதியோ முற்றிலும் வேறு இயல்புடையது. விலக்கப்பட்ட இடங்களுள் பெரும்பாலானவை பிறர் நடக்கும், குடிக்கும், இளைப்பாறும், வழிபடும் இடங்கள். வழியிலும் நிழலிலும் நீரிலும் கழிவை விடுவதைக் கண்டிக்கும் நபிமொழிகள் இசுலாமிய மரபிலும் உள்ளன. இம்மாவட்டத்துப் பழவேற்காட்டு முஸ்லிம்கள் முதலாகத் தமிழ் முஸ்லிம்கள் பின்பற்றும் தூய்மை விதிகளுள் அதுவும் அடங்கும். சமணர் வகுத்த ஐந்து சமிதிகளுள், அதாவது துறவி கவனத்தோடு செய்யவேண்டிய ஐந்து செயல்களுள், கழிவை உயிர்களுக்கு ஊறு நேராத இடம் பார்த்து விலக்குவது ஒன்று. தம் அழுக்கு தம்மோடு முடிவதில்லை, அது மற்றோர் உயிரைச் சென்று தொடும் என்னும் அறிவே இவை அனைத்துக்கும் அடிப்படையாக உள்ளது.

ஆனால் இக்கேள்வியைப் பௌத்தரின் வினய பிடகம் ஆராய்ந்த அளவுக்கு வேறெந்தச் சமய நூலும் நேராக ஆராய்ந்ததாகத் தோன்றவில்லை. வினயம் என்பது சங்கத்தில் வாழும் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளின் தொகுப்பு. அதன் சுல்லவக்கம் என்னும் பகுதியில், துறவியர் அன்றாடக் கடமைகளைப் பேசும் இயலில், கழிப்பறைக்கென்றே விதிகள் உள்ளன. சங்கத்தில் இருக்கை, உணவு, நீர் யாவும் மூப்பு முறைப்படியே வழங்கப்படும். மூப்பு என்பது வயதால் ஆனதன்று, துறவு ஏற்றுக் கழித்த ஆண்டுகளால் கணக்கிடப்படுவது. இம்முறையைக் கழிப்பறைக்கும் நீட்டித்ததால், முதலில் வந்த இளந்துறவிகள் மூத்தோர் வந்து போகும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்து மயங்கி விழுந்தனர் என்றும், அச்செய்தி புத்தருக்கு எட்டியபோது, கழிப்பறையில் மூப்பு முறை கூடாது, வந்த வரிசையே முறை என்று அவர் விதித்தார் என்றும் அந்நூல் கூறுகிறது.

இவ்விதியின் ஆழம் எளிதில் புலப்படாது. புத்தர் மூப்பு முறையை நீக்கவில்லை. உணவிலும் இருக்கையிலும் அது தொடர்ந்தது. உடலின் தேவை ஒருவரை மயங்கி விழச் செய்யும் இடத்தில் மட்டும், மரியாதை என்னும் பண்பு தன் உரிமையை இழக்கிறது என்பதே அவர் கண்ட எல்லை. மூத்தவரின் ஞானம் அவர் குடலை இளையவரின் குடலிலிருந்து வேறாக்குவதில்லை. உயர்கட்டணம் செலுத்தியவரும் செலுத்தாதவரும் ஒரே கதவுக்கு முன் நிற்கும்போது நிகழ்வதும் இதுதான். இன்னும் சொல்வதானால், மனிதர்கள் நிற்கும் வரிசைகளுள் எவராலும் உரிமையோடு முந்த முடியாத வரிசை இது ஒன்றே. முந்த விரும்புபவர் தம் அவசரத்தைச் சொல்லி இரந்து கேட்க வேண்டும், கேட்டால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

அதே இயலில் வரும் மற்ற விதிகளும் இவ்வாறே நுட்பமானவை. வெளியே நிற்பவர் இருமிக் குரல்காட்ட வேண்டும்; உள்ளே இருப்பவர் மறு இருமலால் விடை தரவேண்டும். மேலாடையை வெளியே கொடியில் இடவேண்டும்; பதற்றத்தோடு நுழையக்கூடாது; முக்கி முனகக்கூடாது; உள்ளே இருந்தபடி பல் துலக்கும் குச்சியை மெல்லக்கூடாது. இடம் அழுக்காகி இருந்தால் கழுவ வேண்டும். சுற்றுப்புறம் அழுக்காக இருந்தால் பெருக்க வேண்டும். நீர்க்கலம் வெறுமையாக இருந்தால் நிரப்ப வேண்டும். அழுக்காக்கியவர் கழுவ வேண்டும் என்று அவ்விதி சொல்லவில்லை என்பது உற்றுநோக்கத்தக்கது. யார் அழுக்காக்கினார் என்ற விசாரணைக்கே அதில் இடமில்லை. காண்பவர் கழுவுகிறார், ஏனெனில் அவருக்குப் பின்னே ஒருவர் வருகிறார். முன்னே சென்றவர்மீது கோபமும், பின்னே வருபவர்மீது அக்கறையின்மையும் கொண்டு பொதுக் கழிப்பறையை விட்டு வெளியேறும் இன்றைய பயணி, இவ்விதி காட்டும் உறவை முற்றாகத் தலைகீழாக்குகிறார்.

தனிக் கழிப்பறையில் இவ்வுறவு தோன்றவே வழியில்லை. அங்கே பின்னே வருபவர் மற்றொரு பயணி அல்லர். கூலிக்குத் துப்புரவு செய்பவர். பயணி இறங்கிப்போன பின்னர் வரும் அவரைப் பயணி பார்ப்பதில்லை; பார்க்காததால் அவருக்குக் கடன்பட்டதாக உணர்வதுமில்லை. காந்தி தம் தன்வரலாற்றில் குறிப்பிடும் டர்பன் வீட்டுச் சண்டை இதற்கு ஒரு சான்றாக நிற்கிறது. 1898-வாக்கில் அவ்வீட்டின் அறைகளில் கழிவுநீர் வெளியேற வழியில்லாததால், ஒவ்வோர் அறையிலும் தனித்தனிக் கழிவுக்கலம் வைக்கப்பட்டிருந்தது. புதிதாக வந்து தங்கிய, பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறித்தவ எழுத்தரின் கலத்தைச் சுமக்கக் கஸ்தூரிபா மனம் ஒவ்வாது கண்ணீர் விட்டதும், அதை மகிழ்ச்சியோடு செய்யவேண்டும் என்று காந்தி சினந்து அவரை வாயில்வரை இழுத்துச் சென்றதும், பின்னர் அதற்காக நாணியதும் அதில் பதிவாகியுள்ளன. கலம் தனியாக இருந்தது. ஆயினும் அதைச் சுமக்கும் கை வேறொருவருடையதாக இருந்தது. அறத்தின் முழுச் சிக்கலும் அக்கையிலேயே இருந்தது.

துறவியர் மரபு உடலைப் பற்றிச் சொன்னவற்றிலிருந்து வேறொரு முடிவு பிறந்திருக்க வேண்டும். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ள திருவாலங்காட்டில், தசையும் அழகும் நீங்கிய பேயுருவை வேண்டிப் பெற்று, இறைவனின் ஆடலின் கீழ் வாழ்ந்தவராகக் காரைக்கால் அம்மையார் போற்றப்படுகிறார். திருவொற்றியூரில் அடங்கியவராகக் கருதப்படும் பட்டினத்தாரும், சித்தர் பலரும், உடலை அழுக்கின் கலமாகவே கண்டனர். திருமூலர் மட்டும், முதலில் அவ்வாறு எண்ணியிருந்து பின்னர் அதற்குள்ளேயே இறைவன் உறைவதைக் கண்டு, உடலைப் பேணுவதே நெறி என்றார். இவ்விரு நெறிகளுள் எதைக் கொண்டாலும் எல்லா உடல்களும் ஒரே நிலையினவே. எல்லா உடலும் அழுக்கு எனில் எவரும் எவரினும் தூயவர் அல்லர். எல்லா உடலும் கோயில் எனில் எவரும் தீண்டத்தகாதவர் அல்லர். இந்த எளிய முடிவைச் சமுதாயம் ஏற்கவில்லை. அழுக்கு எல்லாருக்கும் பொதுவாக இருக்க, அதை அகற்றும் வேலை மட்டும் சில சாதிகளுக்கு உரியதாக்கப்பட்டது. பழைய நகர வீடுகளின் கொல்லைப்புறத்துக்குப் பின்னே, துப்புரவு செய்பவர் எவர் கண்ணிலும் படாமல் வந்து போவதற்கென்றே சந்துகள் விடப்பட்டன.

இம்மாவட்டத்துத் திருமழிசையில் தோன்றிய திருமழிசை ஆழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் ஒரு செய்தி இங்கு நினைவுகூரத்தக்கது. பிரம்பு அறுப்பவர் குடும்பத்தில் வளர்ந்த அவர் பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் வந்து அமர்ந்ததும், வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர்கள் அவர் கேட்கலாகாது என்று நிறுத்தினர். அவர் எழுந்தபின் எங்கே நிறுத்தினோம் என்பதை மறந்துபோயினர். கருநெல் ஒன்றை நகத்தால் பிளந்து அவர் குறிப்பால் உணர்த்த, விட்ட இடம் அவர்களுக்கு நினைவு வந்தது. தூய்மையைக் காக்கும் பொருட்டு ஒருவரை விலக்கியவர்கள், அவ்விலக்கலாலேயே தாம் காத்த பொருளை இழந்தனர் என்பது அக்கதையின் உட்பொருள். வாய் வழியே உள்ளே சென்று வயிற்றைக் கடந்து கழிப்பிடத்துக்குப் போகும் எதுவும் மனிதரைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து புறப்படும் தீமையே தீட்டுப்படுத்தும் என்று மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கூறுவதும் இதற்கு அண்மையது. தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடங்கள் 1941 வரை இருந்தன. பெரியாரும் நீதிக்கட்சியினரும் எதிர்த்துப் போராடியபின் அவை நீங்கின. உண்ணும் இடத்தைப் பிரிக்க முடிந்த அக்காலத்திலும், ஓடும் பெட்டியின் கழிப்பறையை அவ்வாறு சாதிவாரியாகப் பிரித்தல் இயலாததாகவே இருந்தது.

ஆனால் அச்சமத்துவம் கதவுவரைதான் இருந்தது. கழிப்பறையின் துளை நேரே தண்டவாளத்துக்குத் திறந்தது. மேலே அமர்ந்தவர்களின் சாதி எதுவாயினும், கீழே இறங்கி அதை அகற்றியவர்கள் பெரும்பாலும் தலித்துகளாகவே இருந்தனர். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டம், அத்தொழிலின் வரையறைக்குள் தண்டவாளத்தையும் பெயர் குறிப்பிட்டே சேர்த்தது. 2014 மார்ச் 27-ஆம் நாள், துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தண்டவாளங்களில் இவ்வேலையை ஒழிக்கக் கால வரம்போடு திட்டம் வகுக்குமாறு ரயில்வேயைப் பணித்தது. அதற்கு முன்பே, 2011 தொடக்கத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் உதவியோடு உயிரிக் கழிப்பறை பொருத்தப்பட்ட முதல் வண்டி குவாலியருக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியிருந்தது. உயிரிக் கழிப்பறை என்பது, பெட்டியின் அடியில் தொங்கும் தொட்டிக்குள், காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து நீராகவும் வாயுவாகவும் மாற்றும் அமைப்பு. 2016 ஜூலையில் மானாமதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் கழிவு விழாத முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. 2019-20 அளவில் பயணிகள் பெட்டிகள் ஏறத்தாழ அனைத்திலும் இவ்வமைப்பு வந்துவிட்டது. ஒரு நீதிமன்றப் போராட்டமும் ஓர் அறிவியல் ஏற்பாடும் சேர்ந்து, சமயங்களின் உபதேசத்தால் நிகழாத ஒன்றைப் பெருமளவு நிகழ்த்தின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெருமளவு என்பதற்கு அப்பால் இன்னும் எஞ்சியிருப்பது உண்டு. தண்ணீர்ப் புட்டி, குழந்தையின் டயப்பர், மாதவிலக்குத் துணி, பான்பராக் உறை எனக் கோப்பைக்குள் எறியப்படும் எதையும் நுண்ணுயிர் செரிக்காது, தொட்டி அடைபடும். கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2017 அறிக்கையே இவ்வடைப்புகளை எடுத்துக்காட்டியது. அடைபட்டதை பேசின் பிரிட்ஜ் பணிமனையில், சென்னைக்கு வந்து சேர்ந்த வண்டி மீண்டும் கிளம்புவதற்குள் நீக்க வேண்டியவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அதே 2013 சட்டம், உரிய கருவிகளும் பாதுகாப்புக் கவசமும் தந்து செய்விக்கப்படும் வேலையைத் தடையிலிருந்து விலக்குகிறது. ஆகவே அவ்வேலை குற்றமா இல்லையா என்பது ஒரு கையுறையின் இருப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது. இங்கே தனிக் கழிப்பறையும் பொதுக் கழிப்பறையும் வேறுபடுவதில்லை. கதவு தனியாயினும் தொட்டி பெட்டியின் அடியில்தான் தொங்குகிறது, பணிமனையும் ஒன்றே, குனிந்து நிற்கும் மனிதரும் ஒருவரே. தனிமைக்குக் கட்டணம் செலுத்தியவர் மறைவை வாங்கியிருக்கிறாரேயன்றி, தம் கழிவின் பொறுப்பிலிருந்து விடுதலையை வாங்கிவிடவில்லை.

தனியா பொதுவா என்ற கேள்வி, கழிப்பறை போதுமான அளவு உள்ளது என்று முன்கூட்டியே கொண்டுவிடுகிறது. கும்மிடிப்பூண்டிக்கும் சூளூர்பேட்டைக்கும், திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் செல்லும் புறநகர் மின்சார வண்டிகளில் கழிப்பறையே இல்லை. நெடுந்தொலைவு வண்டிகளை இயக்கும் லோகோ பைலட்டுகளுக்கு, இன்ஜினில் அவ்வசதி நூறாண்டுகளுக்கு மேலாக இல்லாமலிருந்து, அண்மைக்காலத்தில் சிற்சில இன்ஜின்களிலேயே வந்துள்ளது. பெண்கள் அப்பணிக்கு வந்தபின்னரே இக்கொடுமை பொதுவெளியில் பேசப்பட்டது. தீபாவளி, சட் பூசைக் காலங்களில் வடபாதையில் செல்லும் முன்பதிவில்லாப் பெட்டிகளில், 90 பேருக்கென வகுத்த இடத்தில் அதனினும் மிகப் பலர் ஏறுவதால், கழிப்பறைக்குள்ளேயே மூட்டைகளோடு மூவர் நால்வர் நின்றபடி இரவெல்லாம் பயணம் செய்வது வழக்கமான காட்சி. அவர்களுள் ஒருவர் வெளியே வர இடமில்லை; வெளியே உள்ள நூறு பேருக்கு உள்ளே செல்ல வழியில்லை. அப்பெட்டியில் கழிப்பறை தனியாகவும் இல்லை, பொதுவாகவும் இல்லை. உருக்காலையில் பன்னிரண்டு மணிநேரம் நின்ற உடல்கள் அவை. முதல் வகுப்பு அறைக்குக் கழிப்பறையை இணைக்கும் திட்டம் எப்போதேனும் முன்வைக்கப்பட்டால், அவ்வறைகளுக்குச் செலவிடும் இடமும் நீரும் எவ்வுடல்களிடமிருந்து எடுக்கப்படுகின்றன என்று கேட்பதே அதை எடைபோடும் முறையாகும். மாற்றுத்திறனாளிகளுக்கு அகன்ற கழிப்பறை, படுக்கைப் பெட்டியில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கழிப்பறை, இரவில் நடைவழி விளக்கு ஆகிய தேவைகள் அவ்வறைகளுக்கு முன்னே நிற்கின்றன.

கார்த்திகையிலும் மார்கழியிலும் ஆந்திரத்திலிருந்து இதே பாதையில் சபரிமலைக்குச் செல்லும் அடியார்கள், மாலையணிந்து, நாள்தோறும் இருவேளை நீராடி, வெறுங்காலோடு விரதம் காப்பவர்கள். இரவில் அவர்களும் அப்பொதுக் கழிப்பறைகளையே நாடுகின்றனர். ஆசாரம் கடுமையாகக் காப்பவர்கள் இதை ஆபத்து தருமம் என்று, அதாவது இடுக்கண் காலத்தில் விதி தளர்வதற்கு மரபு தரும் இசைவு என்று கொள்வர். அவ்விசைவைத் தளர்வாக மட்டும் காணவேண்டியதில்லை. வழிநடையில் சாதியும் செல்வமும் பாராமல் எல்லாரையும் ஒரே பெயரால் அழைப்பதே அவ்விரதத்தின் சிறப்பு. அந்த ஒருமையை உடல் மெய்யாகவே சந்திக்கும் இடங்களுள் அவ்வாசலும் ஒன்று. தமக்குப் பின் வருபவருக்காக அவ்விடத்தைக் கழுவிவிட்டு வரும் அடியார், விரதத்தைக் குலைத்தவர் ஆகமாட்டார். அதை நிறைவேற்றியவரே ஆவார்.

ஆயினும் வினயம் துறவியிடம் ஒப்படைத்த கடைசிக் கடமையைப் பயணியால் நிறைவேற்ற முடியாது. வெறுமையான நீர்க்கலத்தை நிரப்புவது ஓடும் ரயிலில் எவர் கையிலும் இல்லை. 1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு, ராய்ச்சூர் வழியாக, மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த காந்தி, வழிநெடுகக் கழிப்பறை ஒருமுறையும் துப்புரவு செய்யப்படவில்லை என்றும், தொட்டியில் தண்ணீர் இல்லை என்றும் அவ்வகுப்பைப் பற்றிய தம் கட்டுரையில் பதிவு செய்தார். அப்பாதைதான் திருவள்ளூர் வழியாகச் சென்னையை அடைகிறது. முன்பதிவில்லாப் பெட்டியின் நீர்த்தொட்டி இன்றும் அதன் இருக்கைக் கணக்குக்கே வகுக்கப்படுகிறது. அதில் ஏறியவர்களின் கணக்குக்கு அன்று. கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஓரிரவும் ஒரு பகலும் ஓடவேண்டிய வண்டிக்கு, வழியில் உள்ள பெருநிலையங்களில் தண்ணீர் நிரப்பும் குழாய்கள் எந்தப் பெட்டியில் முதலில் செருகப்படுகின்றன, அப்பெட்டி நிரம்பும்வரை வண்டி நிற்கிறதா என்பதை ரயில்வே நிர்வாகம் ஏறிய ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்யவேண்டும்.